முதுகுல 31 போட்ட கருப்பு சிவப்பு முண்டா பனியன் – எட்டு மாசம் போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்

ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா ஃபேன் தொடைக்கச் சொல்லுவாங்க, அதுக்கு பயந்தே காலையில கடலூர்ல பஸ் ஏறி பாண்டி சண்டே மார்க்கெட்டுக்குப் போயிடுறது என் வழக்கம். எம்.ஜி. ரோடு பூரா ரெண்டு பக்கமும் தார்ப்பாய் விரிச்சு துணிய மலை மாதிரி கொட்டி வெச்சிருப்பாங்க, நாம குனிஞ்சு கிளறணும், அதிர்ஷ்டம் இருந்தா நல்லது மாட்டும், இல்லைன்னா முதுகு வலியோட திரும்பி வரணும். அங்க வாங்குற பொருளுக்கெல்லாம் யாரும் ரிவ்யூ எழுதுறது இல்ல, நூறு ரூபா பனியனுக்கு என்னய்யா ரிவ்யூன்னு நீங்க கேக்கலாம், ஆனா இந்த ஒரு பனியன் என்னை எட்டு மாசமா படுத்துற பாட்டுக்கு எழுதியே ஆகணும்.

விஷயம் இதுதான். ஒரு குமியல்ல கைய விட்டப்ப வழவழன்னு கனமா ஒரு துணி சிக்குச்சு. உருவிப் பாத்தா கை இல்லாத கருப்பு பனியன், தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் குறுக்கால அகலமா ஒரு சிவப்புப் பட்டை, முதுகுல ஒரு ஜாண் உயரத்துக்கு 31. நெஞ்சுல ஏதோ ஸ்பான்சர் பேர் இருந்திருக்கும் போல, பாதி உரிஞ்சு போயி படிக்க முடியல. கடைக்காரத் தம்பி 200 சொன்னான், நான் 80ன்னேன், "இன்னாண்ணா, போனி டைம்ல இப்டி கேக்கற, ஃபாரின் ஐட்டம்ணா இது"ன்னு மூஞ்சிய தொங்கப் போட்டான், கடைசில 120க்கு முடிஞ்சுது. ஃபாரின் ஐட்டம்னு அவன் எல்லாத்தையும்தான் சொல்லுவான், அன்னைக்கு மட்டும் அவன் சொன்னது உண்மையா போச்சு.

மொதல்ல கலர் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா வாங்கணும்னு நெனைக்கிறவங்க இத யோசிச்சுதான் வாங்கணும். கருப்பு சிவப்பு. நம்ம ஊர்ல இந்த ரெண்டு கலரையும் ஒண்ணா போட்டுட்டு தெருவுல இறங்குனா என்ன ஆகும்னு சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. மஞ்சக்குப்பம் மைதானத்து பக்கத்துல நான் வழக்கமா டீ குடிக்கிற கடையில ஒரு பெரியவர் என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "தம்பி எந்த வார்டு?"ன்னாரு. இல்லைங்கய்யா இது ஆஸ்திரேலியா டீமுன்னு சொன்னேன். "அங்கயும் நம்ம கட்சி இருக்கா?"ன்னு கேட்டாரு பாருங்க, டீ மாஸ்டர் கிளாஸை கீழ வெச்சுட்டு சிரிக்கிறாரு. இன்னொரு நாள் எதிர்க்கட்சி ஆளு ஒருத்தரு, நமக்கு நல்லாப் பழக்கம்தான், வண்டிய நிறுத்தி "ஏன் தம்பி உனக்கு இதெல்லாம்"னு ரொம்ப வருத்தமா விசாரிச்சாரு. எலெக்‌ஷன் நேரத்துல மட்டும் இத போட்டுட்டு வெளிய போகாதீங்க, அவ்ளோதான் சொல்லுவேன்.

பனியன் வாங்குன அன்னைக்கு ராத்திரி மெல்போர்ன்ல இருக்குற அக்கா வீடியோ கால் பண்ணுச்சு. நான் அந்த பனியனோடதான் உக்காந்து சோறு சாப்ட்டுட்டு இருந்தேன். பின்னாடி சோபாவுல படுத்திருந்த மாமா திடீர்னு எழுந்து வந்து போனைப் புடுங்கி, "டேய் மாப்ள, திரும்பு, முதுகைக் காட்டு"ங்கிறாரு. சோத்துக் கையோட திரும்புனேன். "பிளெட்சர்டா! எசெண்டன் 31னா டஸ்டின் பிளெட்சர்டா! இத எங்கடா புடிச்ச?" மனுசன் பத்து வருசமா அங்க இருக்காரு, பக்கத்து வீட்டுக்காரன் புண்ணியத்துல அந்த டீமுக்கு வெறியனாயிட்டாரு, இங்க இருந்தப்ப கிரிக்கெட் ஸ்கோர் கூட ஒழுங்கா கேக்க மாட்டாரு. சோறு ஆறிப் போச்சு, அவரு ஒரு மணி நேரம் பேசுனாரு. அதுக்கப்புறம் நானா தேடித் தேடி வீடியோ பாத்தேன், படிச்சேன், இப்ப எனக்கும் பித்துதான்.

எசெண்டன்ங்கிறது அங்க இருக்குற ஒரு கிளப், ஆடுறது ஆஸ்திரேலியன் ஃபுட்பால். தெரியாதவங்களுக்கு அந்த ஆட்டத்தை சுருக்கமா சொல்லிடுறேன். மெல்போர்ன்ல கிரிக்கெட் ஆடுறவங்க குளிர் காலத்துல ஒடம்பு துருப்புடிக்கக் கூடாதுன்னு ஆட ஆரம்பிச்சது, 1859லயே ரூல் எழுதிட்டாங்க. அதனாலதானோ என்னவோ இன்னிக்கும் கிரிக்கெட் ஆடுற முட்டை வடிவ கிரவுண்டுலயேதான் ஆடுறாங்க. பந்தும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். ரெண்டு கோடியிலயும் நாலு நாலு கம்பம், நடு ரெண்டு கம்பத்துக்குள்ள ஒதைச்சா 6 பாயின்ட், ஓரத்து இடைவெளியில போனா 1 பாயின்ட். கோல்கீப்பர்னு யாரும் கெடையாது. ஒதைச்ச பந்து 15 மீட்டராவது பறந்து வந்து, கீழ விழாம ஒருத்தன் புடிச்சுட்டான்னா அதுக்கு பேர் மார்க், அவனை யாரும் தொடக் கூடாது, நிதானமா நின்னு கோலுக்கு ஒதைக்கலாம். அப்ப கோல் போடுற ஃபுல் ஃபார்வர்டோட வேலை எகிறிப் புடிக்கிறது. அவன் கூடவே நிழலா ஒட்டிக்கிட்டு நிக்கிற ஃபுல் பேக்கோட வேலை? புடிக்க விடாம பண்றது. தானும் புடிச்சா சந்தோசம், முடியலைன்னா முஷ்டிய மடக்கி பந்தை ஒரு குத்து. இதுக்கு ஸ்பாயில்னு பேரு. கெடுக்குறது. நம்ம பாஷையில சொன்னா ஒருத்தன் வாய்க்குப் போற சோத்தைத் தட்டி விடுறது, அதையே முழு நேரத் தொழிலா பாத்தவருதான் இந்த பிளெட்சர்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. கோல் வாசல்ல பந்து வந்து நெருக்கடி ஆயிடுச்சுன்னா பேக் ஆடுறவன் தன் கோல் கோட்டுக்குப் பின்னாடி தானே தட்டி விட்டுடலாம். எதிரிக்கு 6க்கு பதிலா 1தான் கெடைக்கும், பந்தும் நம்ம கைக்கு வந்துடும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு வுட்டுட்டு அடுத்த வேலையப் பாக்குறது. 2008 ஃபைனல்ல ஹாதார்ன் டீமு இதையே திரும்பத் திரும்ப பண்ணி கப் அடிச்சதும், 2009ல இருந்து வேணும்னே தட்டுனா குத்தம்னு ரூல் போட்டுட்டாங்க. இருந்தாலும் அவசரத்துல தட்டுனா பரவால்ல. எது அவசரம் எது வேணும்னேன்னு அம்பயர் கூட சண்டை வாரா வாரம் நடக்குது.

நான் ஏன் இதுல விழுந்தேன்னா, ஸ்கூல்ல நான் ஃபுட்பால் ஆடுனப்ப ஸ்டாப்பர் பேக். மூணு வருசம் ஆடுனேன். எங்க டீமு ஜெயிச்சா ஃபார்வர்ட் ஆடுனவனை தோள்ல தூக்கிட்டுப் போவாங்க, தோத்தா எல்லா கண்ணும் என் பக்கம் திரும்பும். ஒரு மேட்ச்ல ஒரு மணி நேரம் ஒருத்தனையும் உள்ள விடல, கடைசி நிமிசம் என் கால்ல பட்டு ஒண்ணு உள்ள போச்சு, பி.டி. சார் எல்லாரும் பாக்கப் பாக்க "உன்னால போச்சுடா"ன்னாரு. இருபது வருசம் ஆகப் போகுது, இன்னும் அந்த வார்த்தை காதுல இருக்கு. அதனால கெடுக்குறவனோட கதைன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு இது.

பிளெட்சர் 1975 மே மாசம் பொறந்தவரு. அவங்க அப்பா கென் பிளெட்சரும் அதே எசெண்டனுக்கு 264 மேட்ச் ஆடி கேப்டனாவும் இருந்தவரு. அங்க அப்பா ஆடுன டீமுலயே புள்ளைய எடுத்துக்க தனி ரூல் இருக்கு, வாரிசு கோட்டான்னு வெச்சுக்கங்க, அதுல உள்ள வந்தாரு. ஆனா வாரிசுன்னு நாம சிரிக்கிற மாதிரி இல்ல இவரு கதை. 1993ல மொத மேட்ச் ஆடுறப்ப வயசு 17, ஸ்கூல் படிச்சுட்டு இருக்காரு. வாரம் பூரா யூனிபார்ம் போட்டு கிளாஸ்ல உக்காந்துட்டு சனிக்கிழமை ஆனா இந்தக் கருப்பு சிவப்ப மாட்டிக்கிட்டு பெரிய பெரிய ஆளுங்களை மறிக்கணும். அப்ப அங்க ஃபார்வர்ட் ஆடுனவங்க யாருன்னா டோனி லாக்கெட், மொத்தம் 1360 கோல், அந்த ரெக்கார்ட இன்னும் யாரும் தொடல. ஜேசன் டன்ஸ்டால். கேரி ஆப்லெட். நம்ம ஊர் கணக்குல சொன்னா பிளஸ் டூ பையன ரஞ்சி கூட ஆட விடாம நேரா வாசிம் அக்ரம் முன்னாடி பேட் குடுத்து நிறுத்துன மாதிரி. கெவின் ஷீடின்னு ஒரு கோச், 27 சீசன் அந்த டீமை நடத்துனவரு, பொடிப் பசங்களா பொறுக்கி ஒரு டீம் செஞ்சாரு, பேபி பாம்பர்ஸ்னு பேரு வெச்சாங்க, அந்தப் பொடியனுங்க அந்த வருசமே ஃபைனல்ல கார்ல்டனை 44 பாயின்ட்ல அடிச்சு கப் தூக்கிட்டானுங்க. பதினெட்டு வயசுல கழுத்துல மெடல். நான் பொறந்த வருசம் அது.

சரி, பனியனுக்கு வருவோம், இல்லைன்னா ரிவ்யூன்னு சொல்லி ஏமாத்திட்டேம்பீங்க.

துணி பாலியஸ்டர்தான், ஆனா நம்ம கடைகள்ல ஜெர்சின்னு விக்கிற கொசுவலை கெடையாது. கனமா, இறுக்கமா நெய்தது. காரணம் இருக்கு, இந்த ஆட்டத்துல புடிச்சு இழுத்து தள்ளி தரையில போடுறது எல்லாம் சகஜம், ரெண்டு ஆளு ரெண்டு பக்கம் இழுத்தாலும் கிழியக் கூடாது. தையல் எல்லாம் ரெட்டைத் தையல். அக்குள் பக்கம் வெட்டு நல்லா ஆழமா இருக்கு, கைய மேல தூக்குனா துணி கூடவே ஏறாது, எகிறி பந்தைக் குத்துறவனுக்குன்னே வெட்டுன மாதிரி. நான் முண்டா பனியன்னு சொன்னதுக்கு மாமா கோச்சுக்கிட்டாரு, அங்க அதுக்கு கெர்ன்ஸின்னு பேராம். என்ன பேர் வெச்சா என்ன மாமா, கை இல்லாம இருந்தா எங்க தாத்தா வயல்ல போட்டதும் இதுவும் ஒண்ணுதான்னேன்.

ஆனா வெயில். ஐயோ. அங்க சீசனே குளிர் காலத்துல, மார்ச்சுல ஆரம்பிச்சு செப்டம்பர் கடைசில ஃபைனல். குளிருக்கு செஞ்ச துணிய அக்னி நட்சத்திரத்துல கடலூர்ல போட்டா என்ன ஆகும், கருப்பு வேற, சூட்டை அப்படியே குடிச்சுக்குது. மே மாசம் ஒரு நாள் போட்டுட்டு திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்து கழட்டுனா முதுகுல 31 வேர்க்குருவா அச்சு விழுந்திருக்கு, அம்மா பாத்துட்டு நுங்குத் தண்ணி தடவி விட்டுச்சு. மார்கழில போடுங்க, மழை நாள்ல போடுங்க, இல்ல சாயங்காலம் பீச்சுல போடுங்க.

பீச் டெஸ்ட்டும் பண்ணேன். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுல எங்க பசங்க வாலிபால் ஆடுவாங்க, அந்த முட்டைப் பந்து நமக்கு எங்க கெடைக்கும், அதனால வாலிபாலையே தூக்கிப் போடச் சொல்லி ஒருத்தன் புடிக்க எகிறணும் நான் பின்னாடி இருந்து வந்து குத்தணும்னு வெச்சோம். பாக்க சாதாரணமாத்தான் தெரிஞ்சுது. மொத தடவை பந்துக்கு பதிலா அவன் பின்மண்டையக் குத்திட்டேன். ரெண்டாவது தடவை அவன் முதுகுல முட்டிட்டேன், மாமாகிட்ட சொன்னா அது அங்க ஃபவுலாம், பந்தைத்தான் தொடணும் ஆளைத் தள்ளக் கூடாதாம். பத்து தடவைல ஒரு தடவைதான் சுத்தமா பந்துல பட்டுச்சு. அப்பதான் தெரியுது அது என்ன வேலைன்னு. முன்னாடி நிக்கிறவன் எப்ப எகிறுவான்னு அவன் கெண்டைக்காலைப் பாக்கணும், பந்தையும் பாக்கணும், அரை நொடி முன்னாடி போனா ஆளு மேல விழுவோம், அரை நொடி லேட்டானா அவன் கையில பந்து. பிளெட்சருக்கு ஒயரம் 198 சென்டிமீட்டர், ஒல்லி ஒடம்பு, கை ரெண்டும் ரப்பர் மாதிரி நீளம், இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்னு கார்ட்டூன் பேர்ல கூப்பிடுவாங்களாம். வீடியோவுல பாருங்க, பந்து ஃபார்வர்டு கைக்குள்ள போயாச்சுன்னு நாம நெனைப்போம், எங்கேந்தோ ஒரு ஒட்டடைக்குச்சி மாதிரி கை நீண்டு வந்து டொக்குனு ஒரு தட்டு. அவ்ளோதான். ஆர்ப்பாட்டம் இல்ல, நெஞ்சைத் தட்டிக்கிறது இல்ல, திரும்பி நடந்து தன் எடத்துல போய் நின்னுக்குவாரு. கெடுக்குறதோட நிக்கல, எதிர் டீமுக்கு அந்த ஒத்தப் பாயின்ட் போனதும் பந்தை எடுத்து நீளமா ஒதைச்சு ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கிறதும் இவரு வேலைதான், அந்த ஒதைக்கும் பேர் போனவரு.

2000ம் வருசம் எசெண்டன் மொத்த சீசன்லயும் ஒரே ஒரு மேட்ச்தான் தோத்துது. ஒண்ணே ஒண்ணு. ஃபைனல்ல மெல்போர்ன் டீமை 60 பாயின்ட்ல நசுக்கிட்டாங்க. அந்த டீமுல மேத்யூ லாயிட்னு ஒரு ஃபார்வர்ட், வாழ்நாள்ல 270 மேட்ச்ல 926 கோல் போட்டவரு, நியாயமா அவரையோ கேப்டன் ஜேம்ஸ் ஹெர்டையோதான் ஊரு கொண்டாடும். ஆனா அந்த வருசம் கிளப்போட சிறந்த ஆட்டக்காரன் மெடல் யாருக்குன்னா நம்ம 31க்கு! எனக்கு அத படிச்சப்ப நானே மெடல் வாங்குன மாதிரி இருந்துச்சு, எங்க பி.டி. சாருக்கு யாராவது அனுப்பி வைங்க. இவரு மொத்தமா போட்ட கோல் 71தான். 400 மேட்ச்ல 71. எத்தனை தடுத்தாருன்னு சொல்ற ஸ்கோர் போர்டு எந்த கிரவுண்டுலயும் இல்ல.

ஆமா, 400 மேட்ச். மொத்தம் 23 சீசன். சும்மா ஒரு கணக்கு பாருங்க, லாக்கெட் காலத்துல ஆரம்பிச்சவரு, லான்ஸ் ஃபிராங்க்ளின் காலம் வரைக்கும் நின்னாரு, ஃபிராங்க்ளின் 1066 கோல் போட்ட ஆளு, பிளெட்சர் ஆட வந்தப்ப அந்தப் பையனுக்கு ஆறு வயசு. நான் பொறந்த வருசம் ஆரம்பிச்சு, நான் ஸ்கூல் சேந்து, சுனாமி வந்து, காலேஜ் போயி, தானே புயல்ல எங்க வீட்டு ஓடு பறந்து, படிப்பு முடிச்சு மொத சம்பளம் வாங்குன வருசம் வரைக்கும் ஒரு மனுசன் ஒரே டீமு, ஒரே நம்பரு, ஒரே எடத்துல நின்னு தட்டிக்கிட்டே இருந்திருக்காரு. 2007ல 32 வயசுல ரெண்டாவது தடவை அந்த நாட்டோட சிறந்த டீமுல எடுத்தாங்க. நான் முப்பது தாண்டுனதும் மாடிப்படி ஏறவே யோசிக்கிறேன்.

400வது மேட்ச் 2015 மே 30, மெல்போர்ன் எம்.சி.ஜி. கிரவுண்டு, ரிச்மண்ட் கூட. இந்த மேட்சுக்கு ஒரு தனி விசேசம் இருக்கு, கலர் பத்தி நான் மொதல்ல பொலம்புனேன்ல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. எசெண்டன் கருப்பு சிவப்பு, ரிச்மண்ட் மஞ்சள் கருப்பு. ரெண்டு பனியனையும் பக்கத்துல வெச்சா கருப்பு, சிவப்பு, மஞ்சள், அதாவது அந்த நாட்டுப் பழங்குடி மக்களோட கொடி. அதனால இந்த ரெண்டு டீமும் வருசத்துக்கு ஒரு தடவை அந்த மக்களுக்கு மரியாதை செய்யுற மாதிரி ட்ரீம்டைம்னு பேர் வெச்சு ஆடுறாங்க, 2005ல ஆரம்பிச்சது. பிளெட்சரோட 93 டீமுல ஆடுன மைக்கேல் லாங் பழங்குடி ஆளு, 2004ல தன் மக்களுக்காக நியாயம் கேட்டு பிரதமரைப் பாக்க மெல்போர்ன்ல இருந்து கான்பெரா பக்கம் நடக்க ஆரம்பிச்சவரு. டீக்கடை பெரியவர்கிட்ட இத விளக்கமா சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "அப்ப கலரு சரியான எடத்துலதான் இருக்கு"ன்னாரு.

அந்த 400வதுல எசெண்டன் தோத்துடுச்சு, இவருக்கு இடுப்புக்குக் கீழ தசை புடிச்சு அடிபட்டுடுச்சு, அதுக்கப்புறம் அந்த பனியனை மாட்டி ஒரு மேட்ச் கூட ஆடல. வயசு 40 முடிஞ்சு மூணு வாரம். மைக்கேல் டக், கெவின் பார்ட்லெட்டுக்கு அப்புறம் 400 தொட்ட மூணாவது ஆளு. அந்த வருசக் கடைசில அயர்லாந்து கூட, ரெண்டு நாட்டு ஃபுட்பாலையும் கலந்து நடந்த ஆட்டத்துக்கு மட்டும் ஆஸ்திரேலியாவுக்கு கோல்கீப்பரா போயி நின்னாரு, நாப்பது வயசுல.

இங்க நிறுத்திக்கிட்டா நல்லா இருக்கும். ஆனா மாமா சொல்லாம விட்டு நானா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணு இருக்கு. 2012ல அந்த கிளப்பு ஆட்டக்காரங்களுக்கு ஏதேதோ ஊசி போடுற ஒரு திட்டம் நடத்துச்சு. 2013ல பெரிய விவகாரமாகி கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம், அந்த வருசம் ஃபைனல்ஸ், அதாவது சீசன் கடைசில கப்புக்காக நடக்குற நாக்-அவுட் மேட்சுங்க, ஆட விடல, கோச்சா இருந்த ஹெர்டுக்கு ஒரு வருசம் தடை. ஆட்டக்காரங்க மேல குத்தம் நிரூபணம் ஆகலைன்னு 2015 மார்ச்சுல அங்க தீர்ப்பு வந்துச்சு, அதுக்கு மேல அப்பீல் போயி 2016 ஜனவரில உலக விளையாட்டு நடுவர் மன்றம் 34 பேருக்கும் ரெண்டு வருசத் தடைன்னு சொல்லிடுச்சு, அந்த 34ல இவரும் ஒருத்தரு. பழைய தேதி போட்டுக் குடுத்ததால நெசத்துல அந்த வருசம் நவம்பர் வரைக்கும்தான். ரிட்டையர் ஆனவருக்கு என்ன தடைன்னு நெனைச்சேன், ஊர்ல லோக்கல் டீமுக்கு கூட ஆட முடியாதாம். மாமாகிட்ட கேட்டப்ப, "அத வுடு மாப்ள"ன்னாரு. நான் வுடல. கிளப்புல டாக்டர் இருக்காரு, கோச் இருக்காரு, அவங்க நீட்டுனதுக்கு கைய நீட்டுனது ஆட்டக்காரன் தப்பான்னு ஒரு பக்கம் தோணுது. இன்னொரு பக்கம், இருபது வருசம் ஆடுன அனுபவசாலி, என்ன மருந்துன்னு கேக்க வேணாமான்னும் தோணுது. எனக்கு இன்னும் முடிவு தெரியல. மாமாவுக்கும் தெரியலைன்னுதான் நெனைக்கிறேன், அதான் கேட்டா பேச்சை மாத்துறாரு.

டீமோட நெலமையும் அதுக்கப்புறம் பாவம்தான். சுனாமிக்கு மூணு மாசம் முன்னாடி, 2004 செப்டம்பர்ல ஒரு ஃபைனல்ஸ் மேட்ச் ஜெயிச்சாங்க, அதோட சரி, 2025 வரைக்கும் ஒண்ணு கூட ஜெயிக்கல. ஆர்சிபி கூட கப் அடிச்சுட்டான் மாமான்னேன், அக்காகிட்ட போனைக் குடுத்துட்டு எழுந்து போயிட்டாரு.

இப்ப தொவையல் விவரம். எட்டு மாசத்துல முப்பது தடவைக்கு மேல தொவைச்சாச்சு, மிஷின்லயும் போட்டாச்சு, கல்லுல அடிச்சும் பாத்தாச்சு, சாயம் ஒரு சொட்டு போகல, சிவப்பு கருப்புல எறங்கல. சுருங்கல. கழுத்து மட்டும் லேசா நெகிழ்ந்திருக்கு. நம்மூர் உப்புத் தண்ணிக்கு இது பெரிய விஷயம். ஆனா ஒரு கொடுமை நடந்துச்சு. அம்மா மத்த துணியோட சேத்து இதையும் இஸ்திரிக்குக் குடுத்துடுச்சு. யாரு எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், தெருவுல ஒருத்தருக்கு ஒருத்தர் மூஞ்சியப் பாத்துக்கணும். கரிப் பெட்டிய நல்லா சூடு பண்ணி நம்பர் மேலயே வெச்சு அழுத்திட்டாரு. 3 நல்லா இருக்கு, 1 பாதி பெட்டியோட ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு, தூரத்துல இருந்து பாத்தா 3ன்னுதான் தெரியுது. கேட்டதுக்கு "பனியனுக்கெல்லாம் ஏம்பா இஸ்திரி"ங்கிறாரு, அது நியாயமான கேள்விதான். அதனால பிரிண்ட் நம்பர் போட்ட எந்த ஜெர்சியா இருந்தாலும் உள்பக்கம் திருப்பிப் போட்டு, மேல ஒரு வேட்டிய விரிச்சு, லேசான சூட்டுல தேயுங்க. இல்லைன்னா தேய்க்கவே தேய்க்காதீங்க, ஒதறிக் காயப்போட்டாலே சுருக்கம் நிக்காது.

சைஸ் கேக்குறவங்களுக்கு: லேபிள்ல எல் போட்டிருக்கு, நம்மூர் எக்ஸ்எல்லுக்கு மேலயே வரும். நீளம் அதிகம், பேண்ட்டுக்குள்ள சொருகிக்கிறதுக்கு வெட்டுனது, வெளிய விட்டா எனக்கு தொடை பாதி வரைக்கும் வருது. தொப்பை இருக்குறவங்களுக்கு அந்தக் குறுக்குப் பட்டை தொப்பை மேல வளைஞ்சு போகும், கண்ணாடியப் பாத்துட்டு வாங்குங்க.

பிளெட்சருக்கு ரெண்டு பசங்க, மேசன், மேக்ஸ்னு, ரெண்டு பேரும் அமெரிக்கா போயி காலேஜ் டீமுங்கள்ல அந்த ஊரு ஃபுட்பால் ஆடுனாங்க. அதுலயும் என்ன எடம்னா பன்டர், அதாவது நெருக்கடியான நேரத்துல உள்ள வந்து பந்தை ஓங்கி தூரமா ஒதைச்சு விட்டுட்டு வெளிய போற வேலை. தாத்தா, அப்பா, பேரப்புள்ளைங்கன்னு மூணு தலைமுறைக்கும் கால்லதான் சொத்து.

120 ரூபாய்க்கு இதுக்கு மேல என்ன வேணும், அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை வெயிலுக்காக கொறைச்சது. இஸ்திரி என் தலையெழுத்து, அதுக்கு பனியன் என்ன பண்ணும்.

போன ஞாயித்துக்கிழமை அதே குமியல்ல அதே தம்பி, என்னைப் பாத்ததும் "அண்ணா, அன்னைக்கு எடுத்துனு போனியே, அதே டிசைன் இன்னொண்ணு வந்துருக்கு, உனுக்குன்னே எடுத்து வெச்சேன்"னு அடியில இருந்து உருவுனான். அதே கருப்பு, அதே பட்டை, முதுகுல 18. ஃபோட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்புனேன், லாயிட் நம்பருடா, 926 கோல், விடாத எடுத்துடுன்னு உடனே பதில் வந்துச்சு. 150 சொன்னான், பேரம் பேசுனா நூறுக்கு முடிஞ்சிருக்கும். கையில வெச்சு ரெண்டு நிமிசம் பாத்துட்டு குமியல் மேலயே வெச்சுட்டு வந்துட்டேன், மாமாகிட்ட சைஸ் பத்தலைன்னு சொல்லியிருக்கேன்.